கதைக் குறிப்பேடு: கருவைப் பிடிப்பதும் காப்பதும்

என் பழைய குறிப்பேடு ஒன்றில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘மாடிப்படி, நீலக் குடை, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.’ அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு முழுக் கதையாகவே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கோடு எதற்கு? இன்று அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் உள்ளே எதுவும் அசைவதில்லை. எந்த மாடிப்படி, யாருடைய குடை, அவள் திரும்பிப் பார்க்காதது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் பட்டது, ஒன்றும் நினைவில்லை. கண்ணில் பட்டதை எழுதி வைத்திருக்கிறேன். மனதில் தைத்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரு கதை அந்த இடைவெளியில் விழுந்து போயிற்று.

புதிதாகக் கதை எழுத வருகிறவர்களிடம் இரண்டு வகைக் கவலைகளைக் கேட்கிறேன். சிலருக்கு எதை எழுதுவது என்றே தெரியவில்லை. சிலருக்கு நாள் முழுவதும் ஏதேதோ தோன்றுகிறது, மேசை முன் உட்கார்ந்தால் ஒன்றும் கைக்கு வருவதில்லை. பார்க்க எதிரெதிரானவை போல இருந்தாலும் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கவனிப்பது, கவனித்ததை ஒழுங்காகக் குறித்து வைப்பது, குறித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பது. இந்த மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

1. எழுதும் இடம் ஒன்றாக இருக்கட்டும்

சட்டைப்பையில் அடங்கும் சிறு குறிப்பேடா, கைபேசியா, தனித்தனி அட்டைகளா என்பது பெரிய கேள்வி இல்லை. எதைக் கையில் எடுக்க உங்களுக்குச் சோம்பல் வராதோ அதுவே நல்லது. தோல் அட்டை போட்ட விலையுயர்ந்த குறிப்பேட்டை மட்டும் முதலில் வாங்காதீர்கள். அதில் அரைகுறையாக எதையும் எழுத மனம் வராது. கதைக்கருவோ எப்போதும் அரைகுறையாகத்தான் வரும்.

முக்கியமானது ஒன்றே: எங்கே எழுதினாலும் அது கடைசியில் ஓர் இடத்துக்கு வந்து சேர வேண்டும். டிக்கெட்டின் பின்புறம் ஒரு வரி, கைபேசியில் ஒரு குரல் பதிவு, அலுவலகக் கோப்பின் ஓரத்தில் மூன்று சொல் என்று சிதறிக் கிடந்தால் அவற்றை நீங்கள் இன்னொரு முறை பார்க்கப் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், எல்லாவற்றையும் எடுத்து ஒரே குறிப்பேட்டிலோ ஒரே கோப்பிலோ சேர்த்து எழுதுங்கள். இப்படிப் படியெடுக்கும்போதே சில குறிப்புகள் தாமாக இரண்டு வரி வளர்வதைப் பார்ப்பீர்கள்.

இரவில் தோன்றுவதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. மருந்தியல் அறிஞர் ஆட்டோ லோவி, நரம்புகள் வேதிப்பொருள் மூலம் செய்தி கடத்துகின்றன என்பதை நிறுவும் சோதனையை ஓர் இரவில் தூக்கத்தில் கண்டார். விழித்து ஒரு தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தம் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. அடுத்த இரவு அதே எண்ணம் மறுபடி வந்தது. இந்த முறை எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். அந்த ஆய்வுக்காக 1936இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எல்லோருக்கும் இரண்டாவது இரவு வாய்ப்பதில்லை. விளக்கைப் போடுங்கள், எழுந்து உட்காருங்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். தூக்கம் கலைந்தால் கலையட்டும்.

2. உறுத்துவதைத் தேடுங்கள்

‘சுவாரசியமாக’ இருப்பதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். விபத்து, கொலை, பெருங்காதல் என்று பெரிய நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்கிறார்கள். கதைக்கு வேண்டியது அளவில் மிகச் சிறியதாக இருக்கலாம். செருப்புக்குள் புகுந்த மணல்துகள் போல, நடந்தால் உறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு காட்சியைப் பார்த்து இரண்டு நாள் கழித்தும் மனம் அங்கேயே போய் நிற்கிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

காதில் விழும் பேச்சிலிருந்து தொடங்குங்கள். பஸ்ஸில், வரிசையில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் மனிதர்கள் பேசுவதை அப்படியே, அவர்கள் சொல்லிலேயே குறியுங்கள். பொருளை மட்டும் சுருக்கி எழுதினால் பயனில்லை. ‘தன் தம்பியைப் பற்றிக் குறை சொன்னார்’ என்று எழுதினால் அது செத்த குறிப்பு. ‘அவன் எனக்குத் தம்பிதான், ஆனால் எனக்கு முன்னாலேயே மூத்தவனாகிவிட்டான்’ என்று அவர் சொன்னதை எழுதினால் அந்த மனிதரின் ஐம்பது வருடம் அதற்குள் இருக்கிறது. முழு உரையாடலும் வேண்டாம். அரைகுறையாகக் கேட்டதில்தான் உங்கள் கற்பனைக்கு வேலை இருக்கிறது.

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இதை நன்றாக உணர்ந்திருந்தார். ஒரு விருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி, வீட்டுச் சாமான்களுக்காக ஒரு தாயும் மகனும் சண்டையிட்டுக்கொண்டிருப்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். ஜேம்ஸுக்கு அந்தச் சில சொற்களிலேயே கதை கிடைத்துவிட்டது. 1897இல் அது நாவலாக வெளிவந்தது. ஆனால் அந்தப் பெண்மணி நிறுத்தாமல் உண்மையில் நடந்த மற்ற விவரங்களையும் சொல்லிக்கொண்டே போனபோது, வாழ்க்கை அந்தக் கருவைக் கெடுத்துக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. எனக்கும் இந்த அனுபவம் உண்டு. யாராவது ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்கும்போது மனதில் ஏதோ சட்டென்று எழுந்தால், அவர் முடிப்பதற்குள் அந்த இடத்தை நினைவில் நிறுத்திக்கொள்வேன். முடிவு அவருடையது. எனக்கு வேண்டியது தொடக்கம்.

செய்தித்தாளில் தலைப்புச் செய்தியை விடுங்கள். அதை எல்லோரும் படித்துவிட்டார்கள், எல்லோரிடமும் அதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கிறது. உள்பக்கத்தில் நான்கு வரிகளில் முடியும் செய்தியைப் பாருங்கள். நான்கு வரிச் செய்தி எப்போதும் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடும். ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் புரட்டி, அதில் கண்டவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். கணவன் ஒருவன் மனைவியை ஏலத்தில் விற்றதைப் பற்றிய செய்திகள் அதில் உண்டு. 1886இல் வெளிவந்த அவருடைய நாவல் அப்படி ஒரு விற்பனையோடுதான் தொடங்குகிறது. செய்தி, விற்றதோடு முடிந்துவிடுகிறது. விற்றவன் அடுத்த நாள் காலையில் விழித்தெழும்போது என்ன ஆவான் என்று ஹார்டி கேட்டார்.

மிக வளமான நிலம் உங்கள் சொந்த நினைவுதான். அதைத் தோண்டத் தெரியாமல் பலர் தவிக்கிறார்கள். ‘என் வாழ்க்கையில் என்ன நடந்துவிட்டது?’ என்று கேட்டால் எதுவும் வராது. குறுகலாகக் கேளுங்கள். நான் வாங்கித் திருப்பிக் கொடுக்காத பொருள் எது? எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்த் தட்டாமல் திரும்பினேன்? யாரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துக் காலம் கடந்துவிட்டது? எந்தப் பொய்யை இன்றுவரை உண்மை போல நடத்துகிறேன்? ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். வெட்கமாக இருக்கும் இடத்தில் பேனா நின்றுவிடும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழில்களும் நல்ல ஊற்று. ஒருவர் தம் வேலையைப் பற்றி விவரமாகப் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். பூட்டு பழுதுபார்ப்பவருக்கும் கணக்குத் தணிக்கை செய்பவருக்கும் இரவுக் காவலருக்கும் மட்டுமே தெரிந்த சங்கடங்கள் இருக்கின்றன. சொந்த வீட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர் உண்மையில் அந்த வீட்டுக்காரர்தானா என்பதைப் பூட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். இதை வெறும் கற்பனையால் எட்ட முடியாது.

கனவுகள், பழைய புகைப்படங்கள், ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்’ என்னும் கேள்விகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கனவுகளில் மட்டும் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். கனவில் நாம் உணரும் அழுத்தம் விழித்த பிறகு காட்சியோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

3. குறிப்பில் நான்கு செய்திகள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

ஒரு குறிப்பில் முதலில், கண்டதை அல்லது கேட்டதை ஒரு முழு வாக்கியமாக, ஏதாவது ஒரு துல்லியமான விவரத்தோடு எழுதுங்கள். அடுத்து, அது ஏன் உங்களை உறுத்தியது என்று எழுதுங்கள். மூன்றாவதாக, அது எழுப்பும் கேள்வி. கடைசியாகத் தேதி. முதலும் கடைசியும் எல்லோரும் எழுதுவார்கள். நடுவில் உள்ள இரண்டும்தான் குறிப்புக்கு உயிர்.

1896 ஜூலையில் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், உழுது போட்டிருந்த வயல் வழியே நடந்துபோனபோது ஒரு முட்செடியைக் கண்டார். அதில் மூன்று கிளைகள். இரண்டு ஒடிந்து மண் படிந்து தொங்கின. மூன்றாவது புழுதியால் கறுத்திருந்தும் உயிரோடு நின்றது; நடுவில் இன்னும் சிவப்பு தெரிந்தது. நாட்குறிப்பில் அவர் செடியை வருணித்ததோடு நிறுத்தவில்லை. அது காக்கசஸ் மலைநாட்டில் ரஷ்யர்களை எதிர்த்துப் போரிட்ட தலைவன் ஹாஜி முராத்தை நினைவூட்டியது என்றும், பரந்த வயலில் தன்னந்தனியாக நின்று கடைசிவரை உயிருக்காகப் போராடுகிறது என்றும், எழுத வேண்டும் என்று தோன்றுகிறது என்றும் சேர்த்தே எழுதினார். அந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அது ஒரு செடியைப் பற்றிய குறிப்பாக மட்டும் இருந்திருக்கும். அந்தக் குறிப்பிலிருந்து பிறந்து, பல ஆண்டுகள் எழுதித் திருத்திய ‘ஹாஜி முராத்’ நாவல் அவர் இறந்த பிறகு, 1912இல் அச்சேறியது. அந்த முட்செடியோடுதான் அது தொடங்குகிறது.

‘ஏன் உறுத்தியது’ என்பதற்கு உடனே பதில் தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டால் ஊகித்து எழுதுங்கள். ‘எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை’ என்று எழுதினாலும் போதும். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அந்தக் கோபத்தின் நுனி கையில் கிடைக்கும். அதைப் பிடித்து உள்ளே போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். என் குறிப்பு ஒன்று: ‘பஸ்ஸில் முன் இருக்கைப் பெரியவர் இரண்டு டிக்கெட் வாங்கினார். பக்கத்து இருக்கை காலி. இரண்டையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உறுத்தியது: அவர் முகத்தில் சோகம் இல்லை, ஒரு வேலையை முடித்த நிறைவு இருந்தது. கேள்வி: இரண்டாவது டிக்கெட் யாருக்கு?’

4. வைக்கும் ஒழுங்கு

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். குறிப்புகளை அடுக்குவதிலேயே இன்பம் கண்டு, எழுதுவதை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காதல், குடும்பம், சமூகம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். எந்தக் குறிப்பு எந்தப் பொருளில் கதையாகும் என்பது எழுதி முடிக்கும்வரை தெரியாது. முன்கூட்டியே ‘குடும்பம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் அது குடும்பக் கதையாகவே நின்றுவிடும்.

நான் செய்வது எளிது. ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசை எண். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை: எண், அதன் எதிரே இரண்டு மூன்று சொற்கள். ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் போடுவேன். ஆளைப் பற்றியது என்றால் ‘ஆ’, நிலைமை என்றால் ‘நி’, கேட்ட பேச்சு என்றால் ‘பே’, இடம் என்றால் ‘இ’. கைபேசியில் வைத்திருப்பவர்கள் எண் போட வேண்டியதில்லை, தேடிக்கொள்ளலாம். ஆனால் தேடுவதற்கு ஏதுவாகக் குறிப்பின் முடிவில் இரண்டு சாதாரணச் சொற்களைச் சேர்த்துவிடுங்கள். ‘டிக்கெட், முதியவர்’ என்பது போல.

நகல் அவசியம். குறிப்பேட்டின் பக்கங்களை மாதம் ஒரு முறை படம் எடுத்து வேறொரு இடத்தில் சேமியுங்கள். கைபேசிச் செயலியில் எழுதுகிறவர்கள் அதிலிருந்து எளிய உரைக்கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கைபேசி பழுதாகி ஏழு மாதக் குறிப்புகளை இழந்தேன். அவற்றில் எத்தனை நல்லவை என்பதுகூட இனித் தெரியப்போவதில்லை. அந்த இழப்பை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

ஒழுங்கு வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஆறுதலாக ஒன்று. துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டியின் குறிப்பேடுகளில் எழுபத்து மூன்று கிடைத்திருக்கின்றன. ஒரே நாவலுக்கான யோசனைகள் பல ஏடுகளில் சிதறிக் கிடக்கின்றன; இடையிடையே வீட்டுக் காரியங்களுக்கான பட்டியல்களும் இருக்கின்றன. வகைப்படுத்தி வைத்திருந்தால் சிரமம் குறைந்திருக்கும் என்று தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டும்போது எப்போதோ எழுதியது கண்ணில் படுவதில் ஓர் இன்பம் இருக்கிறது என்றும் சொல்கிறார். அவரைக் காப்பாற்றியது அந்தப் புரட்டல்தான்.

5. திரும்பப் படிப்பது

மாதத்தின் ஏதாவது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். அன்று புதிதாக எதுவும் எழுத வேண்டாம். குறிப்பேட்டைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. படிக்கும்போது எந்தக் குறிப்பில் உடம்பு சற்று நிமிர்கிறதோ அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நிமிராததை அடிக்காதீர்கள், கிழிக்காதீர்கள், கடந்து போங்கள். அடுத்த மாதம் மறுபடி. நான்கைந்து மாதங்களில் சில குறிப்புகளுக்கு வரிசையாகப் புள்ளிகள் சேர்ந்திருக்கும். சில குறிப்புகள் முதல் மாதம் புள்ளி வாங்கிவிட்டுப் பிறகு அடங்கிப் போயிருக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தவறவிடுகிறார்கள். எண்ணம் தோன்றிய அன்றே, அது சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்ற பதற்றம். சில கதைகள் அப்படி எழுதப்படுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோன்றிய அன்று எல்லாமே பெரிதாகத் தெரியும். என் நீலக் குடைக்குக்கூட இரண்டு கோடு கிடைத்தது அல்லவா? எந்த எண்ணம் உண்மையில் உங்களுடையது, எது அந்த நாளின் மனநிலை மட்டும் என்பதைக் காலம்தான் பிரித்துக் கொடுக்கும். மூன்று புள்ளி வாங்கிய குறிப்பை நம்பலாம்.

திரும்பப் படிப்பதில் இன்னொரு பயன் உண்டு, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. குறிப்புகளை மொத்தமாகப் படிக்கும்போது உங்களை எது துரத்துகிறது என்பது தெரியவரும். என் ஏட்டில் சாவிகளும் கணக்குகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. யாரோ எதையோ திருப்பிக் கொடுக்க முயல்கிறார்கள். நான் திட்டமிட்டுச் செய்ததில்லை. அது தெரிந்த பிறகு, எனக்குரியது எது என்ற தடுமாற்றம் கொஞ்சம் குறைந்தது.

6. கருவைக் கதையாக்கும் கேள்விகள்

கரு வேறு, கதை வேறு. இரண்டு டிக்கெட் வாங்கும் முதியவர் ஒரு காட்சி; இன்னும் கதை ஆகவில்லை. யாராவது எதையாவது விரும்ப வேண்டும், அதற்குத் தடை வேண்டும், கடைசியில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர ஒரு வழி, குறிப்பில் எழுதிய கேள்விக்குப் பல பதில்களை எழுதுவது.

இரண்டாவது டிக்கெட் யாருக்கு? முதலில் தோன்றும் பதில்: இறந்துபோன மனைவிக்கு. உங்களுக்கும் அதுதான் தோன்றியிருக்கும். எல்லோருக்கும் தோன்றும் என்பதாலேயே அதை ஒதுக்கி வைக்கிறேன். வாசகர் இரண்டாம் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதோடு, என் குறிப்பில் ‘சோகம் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். குறிப்பு எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இரண்டாவது பதில்: பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று அவர் நினைக்கிறார். இது பரவாயில்லை, ஏன் என்று கேட்கத் தூண்டுகிறது. மூன்றாவது: வர வேண்டிய ஒருவர் வரவில்லை. இது சப்பென்று இருக்கிறது. நான்காவது: அவர் பணி ஓய்வு பெற்ற நடத்துநர். வேலையில் இருந்த காலத்தில் சில பயணிகளிடம் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் விட்டிருக்கிறார். இப்போது ஒவ்வொரு பயணத்திலும் ஒரு டிக்கெட் கூடுதலாக வாங்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

நான்காவது பதில் வந்ததும் அந்த ‘நிறைவு’ விளங்கிவிட்டது. இனிமேல்தான் உண்மையான கேள்விகள். இந்தக் கணக்கு எப்போது தீரும்? அவர் எண்ணி வைத்திருக்கிறாரா? தீர்ந்துவிட்டால் அடுத்த நாள் என்ன செய்வார்? இது இன்னொருவருக்குத் தெரிந்தால் யார் அதிகம் இழப்பார்கள்? கதை ஏன் இன்று தொடங்க வேண்டும், நேற்று ஏன் தொடங்கவில்லை? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லாக் கருவிடமும் கேளுங்கள். விடை இல்லாத கரு இன்னும் காத்திருக்க வேண்டிய கரு.

ஐந்தாறு பதில்களாவது எழுதுங்கள். இரண்டோடு நிறுத்தினால் ஏற்கெனவே எங்கோ படித்ததைத்தான் எழுதுவீர்கள்.

7. இரண்டை ஒன்றோடொன்று உரசுங்கள்

ஒற்றைக் கரு பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடும். என் நடத்துநரும் நின்றார். குற்றவுணர்ச்சி இருக்கிறது, பரிகாரம் இருக்கிறது, அப்புறம்? பல வாரம் ஒன்றும் நகரவில்லை. மாதாந்திரப் படிப்பின்போது வேறொரு பக்கத்தில் பழைய குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னது: ‘அப்பா கொடுக்கும் பணத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.’ அதன் கீழே நான் எழுதியிருந்தது: ‘பெருமையாகச் சொல்கிறாளா, குறையாகச் சொல்கிறாளா, பிடிபடவில்லை.’

இரண்டும் ஒட்டிக்கொண்டன. அவள் நடத்துநரின் மகள். எண்ணாமல் வாங்கிய அந்தப் பணத்தில்தான் படித்தாள். எண்ணியிருந்தால் கேள்வி கேட்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். இப்போது கடன் யாருடையது? கதை அப்பாவிடமிருந்து மகளுக்கு நகர்ந்தது. ஒரு நாள் அவள் அவரோடு பஸ்ஸில் வருகிறாள். அவர் மூன்று டிக்கெட் கேட்கிறார். இளம் நடத்துநர், ‘மூன்றாவது யாருக்கு?’ என்கிறார். அந்த இடத்துக்காகத்தான் இந்தக் கதை எழுதப்பட வேண்டும் என்று எனக்கு உறுதியானது.

டால்ஸ்டாயிடமும் நடந்தது இதுவே. ஹாஜி முராத் ரஷ்யர்களிடம் சரணடைந்தது 1851இல், அப்போது டால்ஸ்டாய் காக்கசஸில் இருந்த இளைஞர். அந்த நினைவு நாற்பத்தைந்து ஆண்டு தனியாகக் கிடந்தது, முட்செடி வந்து தொடும்வரை.

இதைத் தற்செயலுக்கு மட்டும் விட வேண்டியதில்லை. பயிற்சியாகவே செய்யலாம். ‘ஆ’ போட்ட குறிப்பு ஒன்றையும் ‘நி’ போட்ட குறிப்பு ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அந்த ஆளை அந்த நிலைமையில் நிறுத்திப் பத்து நிமிடம் எழுதுங்கள். பத்தில் எட்டு முறை ஒன்றும் வராது. ஒரே மாதத்தில் எழுதிய இரண்டைவிட, எழுதிய காலத்தில் வெகுதொலைவில் உள்ள இரண்டு குறிப்புகள் நன்றாக உரசுகின்றன என்பது என் அனுபவம். அருகருகே எழுதியவை பெரும்பாலும் ஒரே மனநிலையின் இரண்டு முகங்களாக இருக்கும்.

8. யாரிடம் சொல்லலாம், யாரைப் பற்றி எழுதலாம்

என் கருவை யாராவது திருடிவிட்டால் என்ற அச்சம் புதியவர்களிடம் அதிகம். பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகக் கருத்தைப் பாதுகாப்பதில்லை, அதை வெளிப்படுத்தியிருக்கும் வடிவத்தையே பாதுகாக்கிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய 1994ஆம் ஆண்டின் உலக வர்த்தக ஒப்பந்தத்திலும் இது வெளிப்படையாகவே இருக்கிறது. ஆகவே கருவைப் பூட்டி வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அதை நினைத்துக் கலங்கவும் வேண்டாம். அந்த நடத்துநரைப் பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துக் கதைகள் வரும்.

எழுதும் முன் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நானும் சொல்வேன், வேறு காரணத்துக்காக. வாயால் ஒரு முறை நன்றாகச் சொல்லி, கேட்டவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டால், எழுத வேண்டும் என்ற பசி அடங்கிவிடும். முதல் வரைவு முடியும்வரை காத்திருங்கள்.

உங்களை நம்பி ஒருவர் சொன்ன அந்தரங்கத்தைக் குறிப்பேட்டில் எழுதும்போது பெயரை எழுதாதீர்கள். ஏடு தொலையலாம், வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கலாம். கதையாக்கும்போது ஊர், தொழில், வயது ஆகியவற்றை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அவர் மட்டுமே சொல்லக்கூடிய அந்த ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டும். அதைக் கொண்டுதான் அவருடைய மனிதர்கள் அவரை அடையாளம் காண்பார்கள். அந்த வாக்கியம் இல்லாமல் கதை நிற்காது என்றால் அவரிடம் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், அந்தக் கதை உங்களுக்கு இல்லை. இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

9. எழுதி முடித்த பிறகு

கதை முடிந்ததும் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தலைப்பையும் முடித்த தேதியையும் எழுதுங்கள். அதே கருவை இன்னொரு பெயரில் மறுபடி எழுதாமலிருக்க இது உதவும். குறிப்பை அடிக்க வேண்டாம், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். கேள்விக்கு நீங்கள் எழுதிய மற்ற பதில்கள் அங்கேயே இருக்கின்றன. என் ஏட்டில் 112ஆம் எண்ணின் கீழே, பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று இரண்டு டிக்கெட் வாங்கிய அந்த இன்னொரு முதியவர் இன்னமும் ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறார். சென்ற மாதம் அவருக்கு இரண்டாவது புள்ளி விழுந்தது.